ஊரில் நின்ற நாட்கள் எத்தனை? தலைமன்னார்க் கப்பலும் ஒரு விண்ணப்பப் படிவமும்

வெளிநாட்டில் வேலை செய்கிற எங்கள் நண்பர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். கனடாவில் நிரந்தர வதிவிடம் உள்ளவர் ஐந்து வருடத்துக்குள் 730 நாட்கள் அங்கே இருந்திருக்க வேணும். பிரித்தானியாவில் வேலை விசாவில் நின்று நிரந்தர வதிவிடம் கேட்பவர் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 180 நாட்களுக்கு மேல் வெளியில் நின்றிருக்கக் கூடாது. துபாயில் வதிவிட விசா உள்ளவர் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியில் நின்றால் விசா செத்துப் போகும். அம்மாவுக்குச் சுகமில்லையா, தங்கச்சிக்குக் கலியாணமா, ஊர்க்கோயில் திருவிழாவா, எதுவென்றாலும் ரிக்கெட் போடுவதற்கு முதல் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கு.

இது ஏதோ எங்கள் தலைமுறைக்கு மட்டும் வந்த தலையிடி எண்டு நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை. இதே கேள்வி இந்தத் தீவிலேயே ஒரு காலத்தில் எட்டு லட்சம் பேரிடம் கேட்கப்பட்டது. "நீ ஊரில் எத்தனை நாள் நின்றாய்?" கேட்டது இலங்கை அரசு. பதில் சொல்ல வேண்டியிருந்தவர்கள் மலையகத்துத் தோட்டத் தொழிலாளர்களும், கொழும்பிலும் மற்ற நகரங்களிலும் கடைகளில் வேலை பார்த்த இந்தியத் தமிழர்களும். அந்தக் கேள்விக்கு முன்னால் என்ன இருந்தது, கேட்ட பிறகு என்ன ஆனது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

வீடு அங்கே, வேலை இங்கே

19ஆம் நூற்றாண்டின் கோப்பித் தோட்டங்களுக்கு வருடம் முழுக்க ஆள் தேவைப்படவில்லை. பழம் பறிக்கிற மாதங்களில்தான் பெருந்தொகையாகக் கைகள் வேணும். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, திருநெல்வேலிப் பக்கத்து வறண்ட கிராமங்களில் இருந்து சனம் கங்காணிக்குப் பின்னால் கிளம்பி, வள்ளத்தில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டுப்பாதையால் மாத்தளை வரை நடந்தது. வேலை முடிந்ததும் வந்த வழியே திரும்பிப் போனது. அந்தப் பாதையில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்று தெளிவு. அந்த மனிதர்களுக்கு இலங்கை வேலைக்குப் போகிற இடம். வீடு கிராமத்தில்.

1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்து பருவம் பார்ப்பதில்லை, பன்னிரண்டு மாதமும் பறிக்க வேணும். அதனால் வேலையாட்கள் குடும்பமாக வந்து லயங்களில் தங்கினார்கள். பிள்ளைகள் இங்கே பிறந்தன. என்றாலும் ஊருக்குப் போய் வருவது நிற்கவில்லை. கலியாணத்துக்கு, காதுகுத்துக்கு, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க, தகப்பனுக்குக் கொள்ளி வைக்க என்று ஏதோ ஒன்றுக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. கடல் தூரம் சுமார் 22 மைல்தான். சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் கடந்து, தலைமன்னாரில் கோச்சி பிடித்துக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். 'போட் மெயில்' என்று சனம் அதைச் சொன்னது. இரண்டு பக்கமும் ஒரே பிரித்தானிய முடியின் கீழ் இருந்ததால், விசா என்ற ஒன்று அந்தப் பயணத்தில் இடம்பெறவில்லை.

அதற்காக எல்லாரும் ஒரே மாதிரிப் பயணம் செய்தார்கள் எண்டு நினைத்துவிடாதீர்கள். கடை முதலாளியும் கணக்குப்பிள்ளையும் ரிக்கெட் எடுத்து வந்தார்கள். தோட்டத்துக்கு வந்தவர்கள் மண்டபம் முகாமுக்குள்ளால் வர வேணும். அது இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம். அங்கே சில நாட்கள் தங்கவைத்து, நோய் பார்த்து, அம்மைப்பால் குத்தி, பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இன்னொரு ஏற்பாடு தகரத் துண்டு. தோட்டத்தின் அடையாளம் பொறித்த சின்னத் தகடு அது. அதைக் காட்டினால் எந்தத் தோட்டத்துக்கு இந்த ஆளை அனுப்ப வேணும், செலவை யார் கணக்கில் எழுத வேணும் என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஆட்களின் முதல் விசா எது என்று கேட்டால் இந்தத் தகட்டைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நகரத்தில் இன்னொரு வகை. கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டிக்கடையும் வியாபாரமும் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமார் தங்கள் ஏஜெண்டுகளைப் பொதுவாக மூன்று வருடத் தவணைக்கு அனுப்பினார்கள். தவணை முடிந்தால் அவர் காரைக்குடிப் பக்கம் போவார், இன்னொருவர் வருவார். மனைவி மக்கள் ஊரில். புறக்கோட்டைச் சாப்பாட்டுக் கடைகளிலும் புடவைக் கடைகளிலும் வேலை பார்த்த எத்தனையோ சிப்பந்திகளுக்கும் அதே நிலைதான். கடை மேல்மாடியில் பாய் விரித்துப் படுத்து, சம்பளத்தை ஊருக்கு அனுப்பி, ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை போட் மெயில் ஏறுவார்கள். இன்றைக்குக் கட்டாரில் நிற்கிற ஒருவருக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை.

முதல் படிவமும் முதல் தடையும்

'நீ இங்கே இருப்பவனா, வந்து போபவனா?' என்ற கேள்வி 1931இல் மெல்ல எழுந்தது. டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தபோது, இந்தியர்களுக்கு மட்டும் சில கூடுதல் நிபந்தனைகள் வைத்தார்கள். இலங்கையைத் தன் நிரந்தர வாழ்விடமாகக் கொண்டவர் என்று காட்ட வேணும், அல்லது படிப்பும் சொத்தும் காட்ட வேணும், அல்லது நிரந்தரமாகக் குடியேறியதற்கான ஒரு சான்றிதழ் எடுக்க வேணும். அந்தச் சான்றிதழை எடுப்பவர், மற்றவர்களுக்குப் பொதுவாக இல்லாத விசேட உரிமைகளையும் சட்டப் பாதுகாப்பையும் கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேணும். இந்தியத் தொழிலாளர்களுக்கு என்று தனியாகச் சில பாதுகாப்புகள் இருந்த காலம் அது. வாக்கு வேணுமா, பாதுகாப்பு வேணுமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அதன் விலை அப்போது தெரியவில்லை.

1939இல் இலங்கை அரசு தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையில் இருந்து நிறுத்தத் தொடங்கியது. உலகப் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு உள்ளூரில் வேலையின்மை ஒரு பெரிய அரசியல் பிரச்சினையாக இருந்தது, அதற்கு இந்தியத் தொழிலாளி சுலபமான விடை. அந்த வருடம் ஜூலையில் நேரு வந்து பேசிப் பார்த்தார். அவர் வந்த நாட்களில்தான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. பேச்சு சரிவரவில்லை. 1939 ஓகஸ்ட் 1 முதல் பயிற்சியில்லாத தொழிலாளர்கள் இலங்கைக்கு வேலைக்குப் போவதை இந்திய அரசு தடைசெய்தது.

இந்தத் தடை இலங்கை அரசைத் தண்டிக்கப் போட்டது. ஆனால் அதன் பாரம் விழுந்தது தோட்டத்தில் இருந்தவரின் தலையில். தடைக்கு முதல் ஊருக்குப் போவது ஒரு செலவு, ஒரு களைப்பு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு, போனால் திரும்பி வர விடுவார்களா என்ற பயமும் சேர்ந்துகொண்டது. இரண்டு அரசுகள் மல்லுக்கட்டினால் நடுவில் பயணப்பையோடு நிற்பவனுக்குத்தான் அடி என்பதை எங்கள் ஆட்கள் படித்துக்கொண்டது இங்கேதான்.

1948, 1949: மூன்று கதவுகள்

சுதந்திரம் கிடைத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இதைப் பற்றிப் பாடசாலையில் ஒரு பந்தியாவது படித்திருப்போம். அதே வருடத்தின் 20ஆம் இலக்கச் சட்டத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதுதான் குடிவருவோர், குடியகல்வோர் சட்டம். 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரசை அல்லாத ஒருவர் இந்த நாட்டுக்குள் வரவும் தங்கவும் கடவுச்சீட்டும் விசாவும் வேணும் என்றது அது. இரண்டு சட்டத்தையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும். முதல் சட்டம் யார் வெளியாள் என்று சொன்னது. இரண்டாவது சட்டம் வெளியாளுக்கு என்ன நடக்கும் என்று சொன்னது. 1946 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர்கள் சுமார் 7,80,000 பேர். அவர்களில் பெரும்பாலானவர்கள் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே வெளியாட்கள் ஆனார்கள்.

அவர்களுக்கு முன்னால் மூன்று கதவுகள் இருந்தன.

முதலாவது, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம். விண்ணப்பிக்க 1951 ஓகஸ்ட் 5 வரை இரண்டு வருட அவகாசம். கலியாணம் முடித்தவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய 7 வருடமும், முடிக்காதவர் 10 வருடமும் இடைவிடாமல் இங்கே வசித்திருக்க வேணும். அதற்குப் பிறகும் விண்ணப்பிக்கிற நாள் வரை தொடர்ந்து இருந்திருக்க வேணும். ஒரு தடவை வெளியே போய் 12 மாதத்துக்கு மேல் நின்றிருந்தால் 'இடைவிடாமல்' என்பது முறிந்துவிடும். கலியாணம் முடித்த ஆணென்றால் அவர் மட்டும் இருந்தால் போதாது, மனைவியும் சிறு பிள்ளைகளும் இங்கேயே வசித்திருக்க வேணும். உறுதியான வருமானமோ தொழிலோ காட்ட வேணும்.

இரண்டாவது கதவு இந்தியத் தூதரகத்தில் இருந்தது. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரை, வெளிநாட்டில் வசிக்கும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள இந்தியப் பிரதிநிதியிடம் பதிவுசெய்து இந்தியப் பிரசையாகலாம் என்றது. பதிவுசெய்தால் இந்தியக் கடவுச்சீட்டு கிடைக்கும். இங்கே தொடர்ந்து வேலை செய்ய இலங்கையின் விசாவோ தற்காலிக வதிவிட அனுமதியோ எடுக்க வேணும்.

மூன்றாவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. எந்தத் தாளும் இல்லாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கலாம். நாடற்றவர் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

இப்போது மூன்று பேரை மனதில் வைத்துப் பாருங்கள். இவர்கள் நாங்கள் கற்பனை செய்த ஆட்கள்தான், ஆனால் இவர்கள் போன்ற ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்.

அட்டன் பக்கம் ஒரு கொழுந்து பறிக்கிற பெண். லயத்தில் பிறந்தவள். 1940களில் முதல் பிரசவத்துக்குத் தாய்மாமன் ஊருக்குப் போனாள். பிள்ளை தேறட்டும் எண்டு காத்திருந்து பதின்மூன்றாம் மாதம் திரும்பினாள். சட்டத்தின் கணக்கில் ஒரு மாதம் கூடிப் போச்சு.

புறக்கோட்டையில் ஒரு கடைச் சிப்பந்தி. இருபது வருடமாக ஒரே கடை. இந்த நகரத்தின் ஒவ்வொரு ஒழுங்கையும் தெரியும், சிங்களம் சரளமாகப் பேசுவார். ஆனால் மனைவி இராமநாதபுரத்தில். முதல் கதவு அவருக்குத் திறக்காது.

1942 ஏப்ரலில் கொழும்பில் ஜப்பான் குண்டு போட்டபோது பயந்து ஊருக்கு ஓடிய ஒருவர். யுத்தம் தணியட்டும் என்று அங்கேயே ஒன்றரை வருடம் நின்றார். உயிரைக் காப்பாற்றிக்கொண்டார், தொடர்ச்சியைத் தொலைத்துவிட்டார்.

மூன்று பேருமே ஒரு பிழையும் செய்யவில்லை. போகும்போது சட்டமே இருக்கவில்லை. போய் முடிந்த பயணங்களைப் பின்னால் இருந்து எண்ணியதுதான் இந்தச் சட்டத்தின் விசேஷம். 1940இல் ரிக்கெட் எடுத்தவருக்கு, 1949இல் ஒரு படிவம் வந்து அந்த ரிக்கெட்டை விசாரிக்கும் என்று எப்படித் தெரியும்?

அதற்கு மேலே சாட்சிப் பத்திரத்தின் பிரச்சினை. பெயர் தோட்டத்துச் செக்ரோலில் ஒரு மாதிரி இருக்கும், பிறப்புப் பதிவில் இன்னொரு மாதிரி இருக்கும், பலருக்குப் பிறப்புப் பதிவே இருக்காது. பழைய பதிவேடுகள் துரையின் கந்தோரில், எழுதத் தெரியாத தொழிலாளி கேட்டு வாங்க வேணும். இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணிக்கும் நிலைப்பாட்டில் நின்று, பிறகு மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னது. ஆகவே கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. மொத்தம் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றுக்குள் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள். விசாரித்து முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தார்கள். கடைசியில் பிரசாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு மட்டும்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு பழைய குற்றச்சாட்டைத் திரும்பப் பார்க்கலாம். 'அவர்களுக்கு இந்த நாட்டில் பற்றில்லை, உழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள்' என்பது அன்றைய பாராளுமன்றப் பேச்சுகளின் சாரம். இங்கே இருக்க வேணும் என்று கையெழுத்தோ பெருவிரலோ வைத்துக் கேட்டவர்கள் கிட்டத்தட்ட அந்தச் சமூகம் முழுவதும். பற்றில்லாதவர்கள் இப்படி வரிசையில் நிற்கமாட்டார்கள்.

தற்காலிகம் என்ற நீண்ட காலம்

நகரத்துச் சிப்பந்திகளில் பலர் இரண்டாவது கதவால் போனார்கள். இந்தியக் கடவுச்சீட்டு, அதற்குள் இலங்கையின் தற்காலிக வதிவிட அனுமதி. அவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. வீடு ஊரில், வேலை இங்கே, ஆகவே பிரசாவுரிமை தேவையில்லை, வந்து போக ஒரு அனுமதி போதும். இன்றைக்கு 'நிரந்தர வதிவிடத்துக்குப் போடுவமா, வேலை விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பமா' என்று யோசிக்கிறவர் செய்கிற அதே கணக்கு.

பிரச்சினை என்னவென்றால், அந்த அனுமதி தவணை முடிந்ததும் புதுப்பிக்கப்பட வேண்டியது. புதுப்பிப்பதும் விடுவதும் அரசின் விருப்பம். கடைகளில் இந்த நாட்டுப் பிரசைகளுக்கே வேலை கொடுக்க வேணும் என்ற கொள்கை இறுக இறுக, புதுப்பிப்பதும் கஷ்டமாகியது. இருபது வருடம் ஒரே கல்லாவில் நின்றவரும் சட்டத்தின் பார்வையில் நேற்று வந்தவர்தான். 'தற்காலிகம்' என்ற சொல்லுக்குக் கால எல்லை அவர் பக்கத்தில் இல்லை, முத்திரை குத்துபவர் பக்கத்தில் இருந்தது.

தாளே இல்லாதவர்களின் கதை வேறு. விசா வந்ததும் கடலைக் கள்ளமாகக் கடப்பதும் வந்தது. 1949க்கு முதல் போட் மெயிலில் வந்தவரின் தம்பி, 1950களில் இரவு வள்ளத்தில் வந்தார். 'கள்ளத்தோணி' என்ற சொல் இந்தக் காலத்தில்தான் ஒரு வசையாகப் பரவியது. 1954 ஜனவரியில் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதில் ஒரு பிரிவை எங்கள் வயது ஆட்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேணும். வாக்காளர் பட்டியலில் இல்லாத வயதுவந்தவர்கள் எல்லாரையும் ஒரு பதிவேட்டில் பதிவது, பதிவு முடிந்த பிறகு அதில் பெயரில்லாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாக இருந்தால் அவரை இந்தியாவில் இருந்து கள்ளமாக வந்தவர் என்று அனுமானித்து நாடுகடத்தலாம் என்பது அது. வாய் திறந்து தமிழ் பேசினால் அதுவே சாட்சி. கள்ளத்தோணி என்ற வசை மலையகத்தையும் தாண்டி இந்தத் தீவின் எல்லாத் தமிழர் மேலும் எறியப்பட்டதற்கு, இப்படி மொழியைக் குடிவரவுச் சான்றாக்கிய சிந்தனைக்கும் பங்கிருக்கு.

இலவச விசா, 55 வயது வரை

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு. அந்த மிச்சத்தை 1974இல் சிறிமாவும் இந்திராவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். எண்ணிக்கைகள் எல்லாருக்கும் தெரியும். ஒப்பந்தத்துக்குள் ஒரு விசா இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இந்தியப் பிரசையாக்கப்பட்டவர்கள் புறப்படும் நாள் வரை இங்கே தங்குவதற்கு இலவச விசா வழங்கப்படும் என்று இலங்கை ஒப்புக்கொண்டது. அவர்களில் வேலையில் இருந்தவர்கள் அனுப்பப்படும் வரை, அல்லது 55 வயது வரை, எது முந்தியோ அதுவரை வேலை செய்யலாம். இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். பிறந்த மண்ணில், தாயும் தகப்பனும் உழைத்த அதே மலையில், ஒருவர் விசாவில் நின்று வேலை செய்தார். காசு கேட்காத விசா. தேயிலைக்கு அவர் கைகள் தேவைப்பட்ட மட்டும் செல்லுபடியாகிற விசா.

விண்ணப்பம் கேட்டபோது நடந்ததும் கவனிக்க வேண்டியது. இலங்கைப் பிரசாவுரிமை கேட்டவர்கள் ஒதுக்கப்பட்ட மூன்று லட்சத்தைப் போல இரண்டு மடங்கையும் தாண்டினார்கள். இந்தியா கேட்டவர்கள் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையை எட்டவில்லை. சனத்தின் விருப்பம் ஒரு பக்கம், ஒப்பந்தத்தின் கணக்கு மறுபக்கம். கணக்கு வென்றது. இந்தியப் பக்கம் 7 பேருக்கு இலங்கைப் பக்கம் 4 பேர் என்ற விகிதத்தில் வேலை நடந்தது. 1971இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, 7 பேர் உண்மையிலேயே கப்பல் ஏறினால்தான் இங்கே 4 பேருக்குப் பிரசாவுரிமை. அண்ணன் இந்தியப் பிரசை, தம்பி இலங்கைப் பிரசை என்று ஒரே லயத்துக் குடும்பங்கள் பிரிந்தன. மலைநாட்டில் இருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்குச் சனம் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் ஆகவில்லை, 1964 டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்தில் இருந்து ஓடியது. 'ராமானுஜம்' என்ற அந்தக் கப்பலில் மூட்டை முடிச்சோடு ஏறியவர்களுக்கு ஒருவழி ரிக்கெட்தான். மண்டபம் முகாம் இந்த முறை தாயகம் திரும்பியோரின் இடைத்தங்கல் முகாமாகியது. தாத்தாவை இங்கே அனுப்புவதற்கு முதல் நோய் பார்த்த இடம், பேரனை அங்கே வாங்கிப் பதிந்த இடமானது. சிலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகவே தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் திரும்பவும் கொழுந்து பறித்தார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரர்'. இங்கே இந்தியன், அங்கே சிலோன்காரன்.

1983க்குப் பிறகு போர் மூண்டது, கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும் போகாமல் இங்கேயே மாட்டிக்கொண்டவர்கள் பல்லாயிரம். விசா முடிந்துபோச்சு, அனுப்பக் கப்பல் இல்லை. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களில் மிஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுத்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வசித்த இந்திய வம்சாவளியினரையும் அவர்கள் வாரிசுகளையும், இந்தியக் கடவுச்சீட்டோடு மாட்டியிருந்தவர்கள் உட்பட, முழுமையாக உள்ளே எடுத்தது. 1949இல் கேட்ட கேள்விக்கு விடை வர 54 வருடம். மண்டபம் முகாமோ அதற்கிடையில் போரில் ஓடிய ஈழத்து அகதிகளின் முகாமாகிவிட்டிருந்தது.

கணக்கில் சேராத வாழ்க்கை

இந்த வரலாற்றை வெறும் துரோகத்தின் கதையாகச் சொல்லி முடிக்கலாம், அதுவும் உண்மைதான். எங்களுக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. அந்தச் சட்டங்களுக்கு இரண்டு வகை மனிதர்களைத்தான் தெரியும், இருப்பவர், போபவர். போய் வருபவர் என்ற மூன்றாவது வகையை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை. ஆனால் நூறு வருடமாக இந்தக் கடலின் இரண்டு பக்கத்திலும் வாழ்ந்த சனம் அந்த மூன்றாவது வகைதான். பிரசவத்துக்குத் தாய்வீடு போவது, செத்தவீட்டுக்கு ஓடுவது, மனைவியை ஊரில் விட்டுவிட்டு உழைப்பது எல்லாம் அவர்களுக்கு வாழ்க்கை. படிவத்துக்கு அது 'இடைவெளி'.

இப்போது எங்களில் பலர் அந்த மூன்றாவது வகைக்குள் வந்துவிட்டோம். அதனால் இந்தக் கதையில் இருந்து எடுக்கக்கூடியதை எடுப்பது நல்லது. ஒரு விசாவைத் தெரிவு செய்யும்போது அதன் பெயரை விட அதை யார் புதுப்பிக்கிறார், எந்தக் கேள்வியில் அது முறியும் என்பதைப் பாருங்கள். சட்டம் பின்னோக்கி எண்ணக்கூடியது. எனவே பழைய கடவுச்சீட்டுகள், ரிக்கெட்டுகள், சம்பளச் சீட்டுகள், வீட்டு வாடகை ஒப்பந்தம் எதையும் எறியாதீர்கள். கணவன் மனைவி பிள்ளைகளின் நாட்களையும் சேர்த்து எண்ணுகிற சட்டங்கள் இன்றும் இருக்கு, தனியே உங்கள் நாட்களை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

எங்கள் ஊர்களுக்கு வேலைக்கு வருகிறவர்களைப் பற்றியும் யோசிக்கலாம். கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் வெளிநாட்டில் இருந்து வந்து நிற்பவர்களைப் பார்த்து 'விசா இருக்கோ தெரியாது' என்று நாங்களே பகிடி விடுகிறோம். அந்தப் பகிடிக்கு இந்தத் தீவில் ஒரு பெயர் இருந்தது, அது எங்கள் மேல் எறியப்பட்டது.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. கடவுச்சீட்டோடும் விசாவோடும் ஏறிப் போகலாம். போகிறவர்களில் சிலராவது, கொள்ளுப்பாட்டி எந்த ஊரில் இருந்து வந்தாள் என்று தேடிப் போகிறவர்களாக இருப்பார்கள்.

தேடுவதற்குக் கடல் கடக்கத்தான் வேணும் என்றில்லை. மலையகத்து வீடுகளில் ஒரு டிரங்குப் பெட்டியோ பழைய பிஸ்கட் டின்னோ இருக்கும். அதற்குள் பிரசாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, நிராகரிப்புக் கடிதம், நீல மை கலங்கிய இந்தியக் கடவுச்சீட்டு, அபூர்வமாக ஒரு தகரத் துண்டு கிடக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே அதைத் திறந்து, என்ன ஏது என்று கேட்டு எழுதி வையுங்கள். ஊரில் எத்தனை நாள் நின்றீர்கள் என்று அரசு அவர்களிடம் கேட்டது. அங்கே என்ன செய்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள், ஏன் திரும்பி வந்தீர்கள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.